பழைய பிரவுசரைக் கேட்கும் வங்கித் தளத்துக்காகப் பழைய கணினியை வைத்திருக்கலாமா?

கல்லிடைக்குறிச்சியில் அப்பளத் தொழில் நடத்தும் அண்ணாச்சி ஒருவர் கேட்டிருக்கும் கேள்விக்கான பதில் இது. அவருடைய நடப்புக் கணக்கு இருக்கும் வங்கியின் நெட் பேங்கிங் தளத்தில், வேலையாட்களின் கூலியை மொத்தமாக அனுப்பும் பக்கத்தைத் திறந்தால், ‘இத்தளம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11இல் மட்டுமே இயங்கும், ஜாவா நிறுவப்பட்டிருக்க வேண்டும்’ என்ற அறிவிப்பு வருகிறது. மகன் வாங்கிக் கொடுத்த புதிய லேப்டாப்பில் அந்தப் பிரவுசரே இல்லை. கிளையில் கேட்டபோது, விண்டோஸ் 7 உள்ள பழைய கணினி ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளுமாறு சொல்லியிருக்கிறார்கள். அதுவரை தன் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைப் பாளையங்கோட்டையிலுள்ள ஆடிட்டர் அலுவலகத்திலேயே விட்டுவைத்து, அங்குள்ள பழைய கணினியில் கூலிப் பட்டியலை ஏற்றி வருகிறார். அப்படி ஒரு கணினியை வீட்டிலேயே வாங்கி வைப்பது சரியா, வங்கி ஏன் இப்படிக் கேட்கிறது, வேறு வழி உண்டா என்பவை அவருடைய கேள்விகள்.

வாங்க வேண்டாம், அண்ணாச்சி. நெல்லைப் பகுதிக் கடைகளுக்கும் ஆடிட்டர் அலுவலகங்களுக்கும் கணினி அமைத்துக் கொடுக்கும் வேலையில் இருப்பதால், இதே சிக்கலை ரத வீதி ஜவுளிக் கடையிலும் பேட்டை அரிசி ஆலையிலும் பார்த்து வருகிறேன். பழைய பிரவுசரைக் கட்டாயமாக்கும் வங்கி, தான் செய்ய வேண்டிய பாதுகாப்பு வேலையை வாடிக்கையாளரின் தலையில் ஏற்றுகிறது. அந்தச் சுமையை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் உடனே கூலி கொடுத்தாக வேண்டும் என்ற உங்கள் நெருக்கடியும் உண்மையானது. ஆகவே காரணத்தையும் வழியையும் சேர்த்தே சொல்கிறேன்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் எக்ஸ்பியோடு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6ஐ 2001இல் வெளியிட்டது. நம் நாட்டு வங்கிகள் நெட் பேங்கிங்கைப் பரவலாகக் கொண்டுவந்த அந்தக் காலத்தில், உலகில் இணையத்தைப் பயன்படுத்தியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைத்தான் பயன்படுத்தினார்கள். ஆகவே தளத்தை எழுதிய நிறுவனங்கள் அது ஒன்றில் சரியாக இயங்கினால் போதும் என்று முடிவு செய்தது அன்றைக்கு வியப்பான செயல் அல்ல. அதோடு இன்னொரு தேவையும் சேர்ந்தது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் டிஜிட்டல் கையெழுத்துக்குச் சட்ட மதிப்பு கொடுத்தது. அந்தக் கையெழுத்தின் ரகசியச் சாவி, நீங்கள் பென் டிரைவ் போலச் செருகும் யுஎஸ்பி டோக்கனுக்குள் இருக்கிறது. அதை வெளியே நகலெடுக்க முடியாது. பணப் பட்டியலை டோக்கனுக்கு அனுப்பிக் கையெழுத்திட்டு வாங்கும் வேலையை அன்றைய பிரவுசரால் தானாகச் செய்ய இயலவில்லை. ஆகவே ஆக்டிவ்எக்ஸ் என்ற மைக்ரோசாஃப்ட் இணைப்போ ஜாவா ஆப்லெட்டோ நடுவில் நின்று அதைச் செய்தது. இந்த இரண்டும், இணையப் பக்கம் ஒன்று உங்கள் கணினிக்குள் இறங்கி வேலை செய்ய அனுமதிக்கும் வழிகள். வங்கிக்கு உதவிய அதே வழியில்தான் திருட்டு மென்பொருளும் ஆண்டுக்கணக்கில் நுழைந்தது.

அதனால் பிரவுசர் நிறுவனங்கள் அந்த வழியை ஒவ்வொன்றாக அடைத்தன. குரோம் 2015 செப்டம்பரிலும் ஃபயர்ஃபாக்ஸ் 2017 மார்ச்சிலும் ஜாவா ஆப்லெட்டை நிறுத்தின. ஜாவாவை வைத்திருக்கும் ஆரக்கிள் நிறுவனமே 2018இல் வந்த 11ஆம் பதிப்பிலிருந்து பிரவுசர் இணைப்பை நீக்கிவிட்டது. அதேபோன்ற இன்னொரு பிரவுசர் இணைப்பான ஃபிளாஷும் 2020 இறுதியோடு முடிந்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11க்கான ஆதரவை 2022 ஜூன் 15இல் மைக்ரோசாஃப்ட் பெரும்பாலான கணினிகளில் முடித்துக்கொண்டது. இவற்றில் எதுவும் திடீரென்று நடக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கணக்கில் முன்னறிவிப்பு இருந்தது. எனவே இன்னும் அதே அறிவிப்பைத் தளத்தில் வைத்திருக்கும் வங்கிக்கு நேரம் போதவில்லை என்ற காரணத்தை நான் ஏற்கமாட்டேன்.

தளம் மாறாமல் நிற்பதற்கான காரணத்தையும் அறிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் நீங்கள் எழுதப்போகும் கடிதத்துக்கு அது உதவும். வங்கியின் மென்பொருளைப் பெரும்பாலும் வெளி நிறுவனம் எழுதித் தருகிறது. ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட பிரவுசரில் சோதித்துக் கையெழுத்தாகிவிட்டால், அதன் பின் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனிச் செலவும் மறு சோதனையும் பாதுகாப்புத் தணிக்கையும் தேவைப்படும். 2016இல் யுபிஐ வந்த பின் வங்கிகளின் கவனம் முழுவதும் மொபைல் ஆப்பின் பக்கம் போனது. மொத்தக் கூலி அனுப்பும் பக்கத்தைப் பயன்படுத்துகிறவர்கள் எண்ணிக்கையில் குறைவு. அப்பள உற்பத்தியாளர், பீடி ஒப்பந்ததாரர், சிறு பள்ளி நிர்வாகம் போன்ற அவர்கள் சென்னையிலோ மும்பையிலோ இருக்கும் தலைமையகத்தின் காதில் விழும்படி பேசுவதும் இல்லை. கிளையில் இருப்பவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் பழைய கணினியை வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அவர்களுக்கு வேறு பதில் கொடுக்கப்படவில்லை.

இது நம் நாட்டுச் சிக்கல் மட்டுமல்ல. 1990களில் வலுவான குறியாக்கத்தை (பிறர் படிக்க முடியாதபடி தகவலை மாற்றும் முறையை) வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்ய அமெரிக்கா தடை விதித்திருந்ததால், தென் கொரியா ‘சீட்’ என்ற தன் சொந்தக் குறியாக்க முறையை உருவாக்கி, அதை ஆக்டிவ்எக்ஸ் வழியாகப் பிரவுசரில் பொருத்தியது. அந்தத் தடை 2000இல் பெரிதும் தளர்ந்துவிட்டது. ஆனாலும் கொரிய மக்கள் வங்கி வேலைக்காக இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரையே நம்பியிருக்கும் நிலை அதற்குப் பின்னும் நெடுங்காலம் நீடித்தது. அதற்கு அடிப்படையாக இருந்த அரசு அங்கீகார டிஜிட்டல் சான்றிதழின் தனி உரிமை 2020 டிசம்பரில்தான் சட்டப்படி முடிவுக்கு வந்தது. காரணம் மறைந்த பின்னும் கட்டாயம் தங்கிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இனிப் பழைய கணினியின் ஆபத்துக்கு வருவோம். விண்டோஸ் 7க்கான பொதுப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14இல் நின்றுவிட்டன. அதில் இயங்கும் கடைசிக் குரோம், 2023 ஜனவரியில் வந்த 109ஆம் பதிப்பு. அதன் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகள் எதுவும் அந்தக் கணினியில் அடைபடவில்லை. போதாக்குறைக்கு, இத்தகைய தளங்களின் பயனர் கையேடுகள் பிரவுசரின் பாதுகாப்பு நிலையைக் குறைக்கவும், பாப்-அப் தடுப்பை அணைக்கவும், கையெழுத்திடப்படாத ஆக்டிவ்எக்ஸை அனுமதிக்கவும், ஜாவாவின் விதிவிலக்குப் பட்டியலில் தளத்தைச் சேர்க்கவும் சொல்கின்றன. இந்த மாற்றங்களில் பல அந்த ஒரு தளத்தோடு நிற்பதில்லை, திறக்கும் தளங்கள் அனைத்துக்கும் பொருந்திவிடுகின்றன. தன் ஒரு வயலுக்கு நீர் பாய வேண்டும் என்று கன்னடியன் கால்வாயின் கரையையே வெட்டிவிடுவதற்கு ஒப்பான செயல் அது.

பழைய பிரவுசருக்கும் வங்கியின் சர்வருக்கும் நடுவே செல்லும் தகவலின் குறியாக்கமும் இதே போலப் பழையதாகிறது. டிஎல்எஸ் 1.0 என்ற முறை 1999இலும் 1.1 என்பது 2006இலும் வந்தவை. முக்கியப் பிரவுசர்கள் 2020இல் இரண்டையும் கைவிடத் தொடங்கின, 2021 மார்ச்சில் இணையத் தர நிர்ணய அமைப்பும் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று முறைப்படி அறிவித்தது. அவற்றை மட்டுமே புரிந்துகொள்ளும் பழைய பிரவுசருக்காக வங்கி தன் கதவைத் திறந்து வைத்தால், பலவீனம் உங்களோடு நிற்காமல் வங்கியையும் சேரும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது வேறொன்று. வீட்டில் அந்தப் பழைய கணினி இல்லாதவர்கள் உங்களைப் போல டோக்கனை ஆடிட்டர் அலுவலகத்தில் விட்டுவைக்கிறார்கள். பாளையங்கோட்டையிலும் தென்காசியிலும், வாடிக்கையாளர்களின் டோக்கன்கள் பெயர்ச் சீட்டு ஒட்டப்பட்டு ஒரே மேசை இழுப்பறையில் கிடக்க, அவற்றின் ரகசிய எண்கள் ஒரு நோட்டில் எழுதப்பட்டிருக்கும் அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன். அங்கு வேலை செய்பவர்கள் நேர்மையானவர்களாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கணினியில் திருட்டு மென்பொருள் ஒன்று புகுந்தால், செருகியிருக்கும் டோக்கனையும் தட்டச்சு செய்த ரகசிய எண்ணையும் அதுவே பயன்படுத்திக்கொள்ளும். சட்ட நோக்கிலும் உங்கள் நிலை பலவீனமாகும். வாடிக்கையாளரின் பொறுப்பு குறித்து ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6இல் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியின் தவறால் பணம் போனால் உங்களுக்கு இழப்பு இல்லை. உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாம் இடத்தில் நேர்ந்த மீறலால் பணம் போய், மூன்று வேலை நாட்களுக்குள் நீங்கள் தெரிவித்துவிட்டாலும் இழப்பு இல்லை. ஆனால் கடவுச்சொல் முதலியவற்றை நீங்களே பிறரிடம் கொடுத்திருந்தால், வங்கிக்குத் தகவல் தெரிவிக்கும் வரை நேரும் இழப்பு முழுவதும் உங்களுடையது. பழைய பிரவுசரைக் கட்டாயமாக்கி வாடிக்கையாளரை இந்த நிலைக்குத் தள்ளிவிட்டு, பிறகு அவரையே கவனக்குறைவானவர் என்று சொல்வது பெரிய அநியாயம். ஆகவே வேறு எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும், டோக்கனை முதலில் திரும்ப வாங்கி, அதன் ரகசிய எண்ணை மாற்றிவிடுங்கள்.

ஒரே ஒரு கணினியை நம்பியிருப்பதன் இன்னொரு விளைவை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழையில் தாமிரபரணிக் கரை ஊர்கள் பலவற்றில் சாலைகள் துண்டிக்கப்பட்டன, நெல்லை ஜங்ஷன் பகுதியில் வெள்ளம் புகுந்தது. கையில் பணம் தேவைப்படும் அத்தகைய வாரத்தில் கூலிப் பட்டியலை ஏற்ற வேண்டிய கணினி ஆற்றுக்கு அக்கரையில் இருந்தால், வங்கியின் சர்வர் நன்றாக இயங்கியும் பயன் இல்லை. அவசரத்துக்கு வீட்டிலிருந்தே பணம் அனுப்புவதற்காகத்தானே நெட் பேங்கிங் வந்தது.

இப்போது உங்கள் தளத்தைச் சோதித்துப் பாருங்கள். இத்தகைய அறிவிப்புகள் எல்லாம் ஒரே வகை அல்ல. சில தளங்களுக்கு ஆக்டிவ்எக்ஸோ ஜாவாவோ உண்மையிலேயே தேவைப்படுகிறது. வேறு சில, பிரவுசரின் பெயரையும் பதிப்பு எண்ணையும் மட்டும் பார்த்துவிட்டு வாசலிலேயே திருப்பி அனுப்புகின்றன. உள்ளே விட்டால் புதிய பிரவுசரிலும் நன்றாகவே இயங்கும். பெயரைப் பார்த்து முடிவு செய்யும் இந்தப் பழக்கம் எத்தனை தவறானது என்பதற்கு 2009இல் நடந்த ஒன்றைச் சொல்லலாம். ஓப்பரா பிரவுசர் 10ஆம் பதிப்புக்கு வந்தபோது, பல தளங்கள் முதல் இலக்கத்தை மட்டும் படித்து அதை 1ஆம் பதிப்பு என்று எண்ணித் தடுத்தன. அதனால் ஓப்பரா தன்னைத் தொடர்ந்து 9.80 என்றே தளங்களுக்குச் சொல்ல நேர்ந்தது. குரோம் 2022 மார்ச்சிலும் ஃபயர்ஃபாக்ஸ் 2022 மேயிலும் மூன்று இலக்கப் பதிப்புக்குச் சென்றபோது, அதே தவறு திரும்பாமல் இருக்க அந்த நிறுவனங்கள் முன்கூட்டியே சோதனை நடத்தின. பிரவுசரின் பெயரைக் கேட்காமல், தனக்குத் தேவையான வசதி அதில் இருக்கிறதா என்று சோதிப்பதே சரியான முறை என்பது இணையப் பொறியாளர்கள் நெடுங்காலமாக அறிந்தது.

உங்கள் தளத்தில் உள்நுழைவுப் பக்கம் திறந்து, கணக்கு இருப்பும் தெரிந்து, டோக்கனால் கையெழுத்திடும் இடத்தில் மட்டும் நின்றுவிட்டால் அது முதல் வகை. கடவுச்சொல் கேட்கும் முன்பே மறுத்தால் பெரும்பாலும் இரண்டாம் வகை. இரண்டாம் வகைக்கு, பிரவுசரின் பெயரை மாற்றிக் காட்டும் எக்ஸ்டென்ஷன்கள் (பிரவுசரோடு சேர்க்கும் சிறு மென்பொருள்கள்) உண்டு என்று உங்கள் மகனிடம் யாராவது சொல்லக்கூடும். பணம் அனுப்பும் வேலைக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம். அத்தகைய எக்ஸ்டென்ஷன் நீங்கள் திறக்கும் பக்கங்களைப் படிக்கும் அனுமதியைக் கேட்கும். தவிர, சோதிக்கப்படாத பிரவுசரில் பக்கம் பாதியில் நின்றால், பட்டியல் போனதா இல்லையா என்று தெரியாமல் மறுபடி அனுப்பி, இரட்டைக் கூலி போகவும் இடம் உண்டு.

முதல் வகைக்கு, மாறும் வரை தற்காலிகமாக ஒரு வழி இருக்கிறது. புதிய லேப்டாப்பிலுள்ள மைக்ரோசாஃப்ட் எட்ஜில் ‘இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மோடு’ என்ற வசதி உண்டு. குறைந்தது 2029 வரை அதைத் தொடரப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. எட்ஜின் அமைப்புகளில் ‘டிஃபால்ட் பிரவுசர்’ பகுதிக்குச் சென்று, தளங்களை அந்த மோடில் மறுபடி திறக்க அனுமதித்து, வங்கியின் அந்த ஒரு முகவரியை மட்டும் பட்டியலில் சேர்க்க வேண்டும். சேர்த்த முகவரி 30 நாட்களில் காலாவதியாகிவிடும், மறுபடி சேர்க்க வேண்டும். அதைக் குறையாக நினைக்காதீர்கள்; மறந்துபோன விதிவிலக்கு நிலையாகத் திறந்து கிடக்காமல் அது காக்கிறது. ஆப்லெட் தேவைப்பட்டால் ஜாவா 8இன் திருத்தப்பட்ட பதிப்பை ஆரக்கிள் தளத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். விண்டோஸ் 7 கணினியைவிட இது மேலானது, ஏனெனில் அடியிலுள்ள விண்டோஸ் 11 தொடர்ந்து திருத்தம் பெறுகிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டதால், லேப்டாப்பில் எது இருக்கிறது என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வேலைக்கென்று விண்டோஸில் தனிப் பயனர் கணக்கு ஒன்றைத் திறந்து, அதில் மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ வேறெதுவுமோ திறக்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

தளத்தின் முகவரியை ஒவ்வொரு முறையும் கவனியுங்கள். வங்கிகள் தங்கள் தளங்களை ‘பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31க்குள் மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ‘உங்கள் பிரவுசர் சரியில்லை, இதை நிறுவுங்கள்’ என்ற போலி அறிவிப்பு, திருட்டு மென்பொருளை ஏற்றுவதற்கு மோசடிக்காரர்கள் நன்கு அறிந்த வழி. வங்கியே அப்படிச் சொல்லிப் பழக்கினால், போலியையும் உண்மையையும் வாடிக்கையாளர் எப்படிப் பிரித்தறிவார்? பணம் போனது தெரிந்தால், கிளை திறக்கக் காத்திருக்காமல் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணையும் வங்கியின் அவசர எண்ணையும் உடனே அழைக்க வேண்டும்.

வங்கி மனம் வைத்தால் இதைச் சரிசெய்ய முடியும் என்பதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டியின் தளத்தில், கணினியில் நிறுவும் சிறு மென்பொருள் ஒன்று டோக்கனோடு பேசுகிறது. பிரவுசர் எதுவாக இருந்தாலும் பெரிய வேறுபாடு இல்லை. டோக்கன் இல்லாதவர்கள் ஓடிபி வழியாகச் சரிபார்க்கவும் அங்கே இடம் உண்டு. நம் பகுதியில் எத்தனையோ வீடுகளில், பிள்ளைகளுக்கு 2011 முதல் தமிழக அரசு கொடுத்த மடிக்கணினிகள் இருந்தன. அவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இந்திய இயங்குதளமும் இருந்தது. லினக்ஸுக்கு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் வந்ததே இல்லை. திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளை நம்பிப் புதிய பிரவுசரில் வேலை செய்யும் பார்வையற்றவர்களுக்கும் இந்தக் கட்டாயம் அடைத்த கதவுதான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்த பின்னும் இது தொடர்வது வருத்தத்துக்குரியது.

அதுவரை கூலி நிற்கக் கூடாது. நெஃப்ட் 2019 டிசம்பர் 16 முதலும் ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பர் 14 முதலும் எல்லா நாளும் எல்லா நேரமும் இயங்குகின்றன. வேலையாட்களின் எண்ணிக்கை குறைவாக இருந்தால், மொத்தப் பட்டியலை விட்டுவிட்டு வங்கியின் மொபைல் ஆப்பில் ஒவ்வொருவராக அனுப்பலாம். கூலிக்கு மட்டும் வேறு வங்கியில் நடப்புக் கணக்கு தொடங்குவது இன்னொரு வழி. ஆனால் இப்போதுள்ள வங்கியில் கடன் வாங்கியிருந்தால், ரிசர்வ் வங்கியின் விதிகள் சில நிபந்தனைகளை விதிக்கக்கூடும். ஆடிட்டரிடம் அதைக் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

வங்கிக்குக் கடிதம் எழுதுவதைத் தள்ளிப்போட வேண்டாம். கிளையில் வாய்மொழியாகச் சொன்னது கிளையோடு நின்றுவிடும். கிளை மேலாளருக்கு எழுதி, தலைமையகத்தில் புகார்களுக்குப் பொறுப்பான முதன்மை நோடல் அதிகாரிக்கு நகல் அனுப்புங்கள். அவருடைய முகவரி வங்கியின் தளத்தில் இருக்கும். எந்த நாளில் எந்தப் பக்கத்தில் என்ன அறிவிப்பு வந்தது என்று எழுதி, அதன் ஸ்கிரீன்ஷாட்டை அச்செடுத்து இணையுங்கள். ‘மைக்ரோசாஃப்ட் 2022 ஜூனில் ஆதரவை நிறுத்திய பிரவுசரைப் பயன்படுத்துமாறு தங்கள் தளம் கோருகிறது. ஆதரவு உள்ள பிரவுசரில் இச்சேவை எந்தத் தேதியிலிருந்து கிடைக்கும் என்பதையும், அதுவரை எனக்கு என்ன மாற்று ஏற்பாடு தருவீர்கள் என்பதையும், தங்கள் அறிவுரைப்படி பழைய பிரவுசரைப் பயன்படுத்தி இழப்பு நேர்ந்தால் அதற்கு வங்கி பொறுப்பேற்குமா என்பதையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்’ என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுதித் தர எந்த அதிகாரியும் தயங்குவார், அந்தத் தயக்கமே கடிதத்தை மேலிடத்துக்கு நகர்த்தும். பழைய கணினியை வைத்துக்கொள்ளச் சொன்ன அறிவுரையையும் மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொண்டால், பின்னாளில் தகராறு வந்தால் தவறு யாருடையது என்பதற்கு அது ஆவணமாகும். கடிதத்தின் நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவு தராவிட்டாலோ, சேவைக் குறைபாடு என்ற அடிப்படையில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மனுக்கு அந்த வங்கியின் புகார்த் தளத்தின் வழியாகக் கட்டணமின்றி எழுதலாம். புகார் பதிவு செய்யும்போது முத்திரையிட்ட அந்த நகலையும் இணைக்க வேண்டும்.